வன்னியில் ஒரு கிராமத்தின் வீட்டுக் கணக்கை எடுப்பது எப்படி? புதிய ஆய்வாளருக்கான வழிகாட்டி

வீடமைப்பு ஆய்வு பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வருமானத்தில் எத்தனை வீதம் வாடகைக்குப் போகிறது, ஒரு வீட்டின் விலை எத்தனை ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம் என்பனவே அவற்றின் முதற் கேள்விகள். வவுனியா நகரையும் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்தையும் விட்டால், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் வாடகைக்குக் குடியிருப்போர் குறைவு. ஆகவே அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டானுக்கோ பூநகரிக்கோ போகிறவர், இங்கே எல்லோருக்கும் வீடு கட்டுப்படியாகிறது என்ற தவறான முடிவோடு திரும்பி வருவார். வன்னியில் கேட்க வேண்டியவை வேறு. வீட்டுத்திட்டம் தந்த பணம் முடிந்த பிறகு வீட்டை யாருடைய பணத்தில் கட்டி முடித்தார்கள், அந்த வீடு நிற்கும் காணி யாருடைய பெயரில் இருக்கிறது, திட்டத்தின் பயனாளிப் பட்டியலில் பெயர் வராதவர்கள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு கிராமத்தளவிலாவது சரியான விடை கிடைத்தால், அது கொள்கை வகுப்பவர்களின் கையில் இல்லாத ஒன்றாகவே இருக்கும்.

இந்தக் கட்டுரை பல்கலைக்கழக மாணவர்களுக்கும், கிராமமட்ட அமைப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், தம் ஊரின் நிலையைத் தாமே எழுத விரும்பும் இளைஞர்களுக்கும் உரியது. கிளிநொச்சி மாவட்டத்தில் 95, முல்லைத்தீவு மாவட்டத்தில் 136 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு சில மாதங்களில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வையே மனத்தில் வைத்து எழுதுகிறேன். மாவட்டம் முழுவதையும் ஆராயப் புறப்படுவது முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

முதற்படி: கேள்வியைச் சுருக்குதல்

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்தது. அந்த உடன்படிக்கைக்குரிய ஐக்கிய நாடுகள் குழு 1991இல் வெளியிட்ட நான்காவது பொதுக் கருத்துரை, போதுமான வீடு என்பதற்கு ஏழு கூறுகளை வகுத்தது. குடியிருப்புரிமையின் சட்டப் பாதுகாப்பு, நீர் முதலிய சேவைகள், கட்டுப்படியாகும் செலவு, வசிக்கத்தக்க நிலை, யாவரும் அடையக்கூடிய தன்மை, அமைவிடம், பண்பாட்டுப் பொருத்தம் என்பவையே அவை. இந்த ஏழையும் ஒரே ஆய்வில் அளக்க முற்படும் அறிக்கைகள் ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுப் போவதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். செலவு, காணி உரிமை ஆகிய இரண்டை மையமாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைக் கண்ணில் பட்ட அளவுக்குக் குறித்துக்கொண்டால் போதும்.

கேள்வியும் குறுகியதாக இருக்க வேண்டும். “மீள்குடியேறிய மக்களின் வீட்டுப் பிரச்சினைகள்” என்பது தலைப்பே அன்றிக் கேள்வியல்ல. “இப்பிரிவில் 2012க்குப் பின் வீட்டுத்திட்டம் பெற்ற குடும்பங்கள் வீட்டை முடிப்பதற்காகப் பட்ட கடன் எவ்வளவு, அதை எதனால் அடைக்கின்றன, பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் நிலை இதில் எவ்வாறு வேறுபடுகிறது?” என்று எழுதினால், எந்த வீட்டுக்குப் போய் எதைக் கேட்பது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

இரண்டாம் படி: எந்தத் திட்டம், எந்த ஆண்டு, எவ்வளவு

வன்னியில் ஒரு வீட்டைக் காட்டி எப்போது கட்டியது என்று கேட்டால், ஆண்டைவிடத் திட்டத்தின் பெயரும் தொகையுமே முதலில் விடையாக வரும். ஆகவே திட்டங்களின் வரலாறு தெரியாமல் களத்துக்குப் போகக் கூடாது. போர் முடியும் முன்னரே, 2000களின் நடுப்பகுதியில், உலக வங்கியின் உதவியுடன் வடக்கு கிழக்கு வீடமைப்புப் புனரமைப்புத் திட்டம் நடைபெற்றது. 2004 சுனாமியின் பின் முல்லைத்தீவுக் கரையோரத்தில் வேறு வீடுகள் கட்டப்பட்டன. இவற்றுள் பல 2008, 2009 காலப் போரில் அழிந்தன. எனவே இப்போது நிற்கும் வீடு ஒரு குடும்பத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது நிரந்தர வீடாக இருக்கக்கூடும்; முன்பு இருந்த வீடுகளையும் கேட்டு எழுதாவிட்டால், அந்தக் குடும்பம் வீட்டுக்காக இதுவரை போட்ட உழைப்பில் பாதியும் உங்கள் கணக்கில் வராது.

போரின் பின் வந்தவற்றுள் பெரியது இந்திய வீட்டுத்திட்டம். 2010இல் 50,000 வீடுகள் என அறிவிக்கப்பட்டு, 1,000 வீடுகளுடன் முன்னோடிக் கட்டம் நடைபெற்று, 2012 ஒக்டோபரில் வடக்கு கிழக்கில் 45,000 வீடுகளுக்கான பெருங்கட்டம் தொடங்கியது. அதில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் பயனாளியின் வங்கிக் கணக்குக்குக் கட்டம் கட்டமாக வந்தன. கட்டுவதற்கான பொறுப்பு குடும்பத்தினுடையதாகவே இருந்தது. அதன் பின்னர் மீள்குடியேற்ற அமைச்சின் கல்வீட்டுத் திட்டங்களும், தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் மாதிரிக் கிராமங்களும் வந்தன. 2019 இறுதியில் ஆட்சி மாறியபோது மாதிரிக் கிராமங்களுக்கான கொடுப்பனவுகள் தடைப்பட்டு, வடக்கில் பல வீடுகள் அத்திவாரத்தோடும் அரைச் சுவரோடும் நின்றுபோயின. உங்கள் பிரிவில் அவ்வாறு நின்ற வீடுகள் இருந்தால் அவற்றைத் தனி வகையாக எடுங்கள். “முடிக்காத வீடு” என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டால், பணம் நின்றதால் முடியாமற் போன வீட்டுக்கும் குடும்பத்தால் மேலும் போட முடியாமற் போன வீட்டுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும்.

65,000 பொருத்து வீடுகளின் கதையையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இரும்பினால் முன்கூட்டியே செய்து கொண்டுவந்து பொருத்தும் இவ்வீடுகளை 2015, 2016 காலத்தில் அரசாங்கம் முன்மொழிந்தபோது, ஒரு வீட்டின் செலவு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா எனச் சொல்லப்பட்டது. அதே பணத்தில் கல்வீடு இரண்டு கட்டலாமே என்ற ஒப்பீட்டையும், வெப்பம், ஆயுட்காலம், திருத்த வசதி, உள்ளூர் மேசன்மாருக்குக் கிடைக்கக்கூடிய வேலை பற்றிய கேள்விகளையும் பொறியியலாளர்களும் சிவில் சமூகத்தினரும் முன்வைத்தனர். திட்டம் முன்மொழிந்தபடி நடைபெறவில்லை. வீடமைப்புக் கொள்கையில் செலவுக் கணக்கு எவ்வளவு வலுவுடையது என்பதற்கு நம் கண்முன் நடந்த எடுத்துக்காட்டு இது.

மூன்றாம் படி: கடதாசிகளைத் திரட்டுதல்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012 குடிசன மதிப்பீட்டில் சுவர், கூரை, தரை, மலசலகூடம், குடியிருப்புரிமை பற்றிய அட்டவணைகள் கிராம அலுவலர் பிரிவு மட்டம்வரை கிடைக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு நடந்தது 2012 மார்ச்சில். போரில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் அவ்வாண்டு செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. இந்திய வீட்டுத்திட்டத்தின் பெருங்கட்டமும் அதற்குப் பின்பே தொடங்கியது. ஆகவே அந்த அட்டவணையை ஊரின் இன்றைய நிலையாகக் கொள்ளாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தொடக்கப் புள்ளியாகவே கொள்ள வேண்டும்.

வருமானமும் வறுமையும் பற்றிய எண்களைக் கையாளும்போது இன்னும் கவனம் வேண்டும். 2009/10 வீட்டு வருமான, செலவின அளவீட்டில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் இடம்பெறவே இல்லை. 2012/13 அளவீட்டில் முல்லைத்தீவின் வறுமை வீதம் 28.8 ஆகவும் நாட்டின் வீதம் 6.7 ஆகவும் இருந்தன. 2016இல் கிளிநொச்சி 18.2, நாடு 4.1. பின்னர் வறுமைக்கோடு புதுப்பிக்கப்பட்டது. 2019இல் நாட்டின் வீதம் 14.3 என்று வந்ததற்கு அது முக்கிய காரணம். பழைய கோட்டின்படி வந்த எண்ணையும் புதிய கோட்டின்படி வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வறுமை மூன்று மடங்காகிவிட்டது என்று எழுதிய கட்டுரைகள் உண்டு. அந்தத் தவறைச் செய்யாதீர்கள். மேலும் இவை மாவட்ட மட்டத்துக்குரிய மாதிரிக் கணக்கெடுப்புகள். இவற்றிலிருந்து ஒரு கிராமத்தின் வறுமை வீதத்தைப் பெற முடியாது.

திட்டப் பட்டியல்கள், பயனாளிகளைத் தெரிவதற்குப் புள்ளியிடும் முறை, நிலுவையிலுள்ள கொடுப்பனவுகள் ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகத்தையோ தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தையோ நாட வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். “வீட்டுத்திட்ட விபரம் அனைத்தும்” என்று கேட்டால் ஒன்றும் வராது. இன்ன ஆண்டில், இன்ன பிரிவில் விண்ணப்பித்தோர் தொகை, தெரிவானோர் தொகை, நிராகரிப்புக்கான காரணங்கள், கட்டக் கொடுப்பனவு நிலுவையிலுள்ளோர் தொகை, தெரிவுக்குரிய சுற்றறிக்கையின் பிரதி என்று பிரித்துக் கேளுங்கள். ஆட்களின் பெயர்களைக் கேட்க வேண்டாம். அவை உங்களுக்குத் தேவையில்லை, கேட்டால் மறுப்பதற்கும் அது ஒரு சாட்டாகிவிடும்.

நான்காம் படி: யார் வீட்டுக்குப் போவது

கிராம அலுவலரிடம் குடும்பப் பதிவுப் பட்டியல் இருக்கும். அதில் இல்லாதவர்களே உங்கள் ஆய்வுக்கு அதிகம் தேவைப்படுபவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மீள்குடியேற்றத்தின்போது பெற்றோரின் பதிவில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது மணமுடித்து, அதே வளவின் பின்புறத்தில் தகரக் கொட்டில் போட்டுத் தனிச் சமையல் வைத்திருப்பார்கள். பதிவேட்டில் அவர்கள் உப குடும்பமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பதிவு வேறு பிரிவில் இருக்க, இங்கே உறவினர் காணியில் குடியிருப்போரும் உண்டு. பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு முறை ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, புகை எழும் அடுப்புகளை எண்ணி, பட்டியலைத் திருத்திக்கொள்ளுங்கள்.

திருத்திய பட்டியலை மூன்றாகப் பிரிக்கலாம்: திட்டத்தில் வீடு பெற்று முடித்தவர்கள், பெற்றும் முடிக்காதவர்கள், பெறாதவர்கள். ஒவ்வொன்றிலும் இத்தனையாவது வீடு என்ற ஒழுங்கில் இருபது இருபத்தைந்து வீடுகளைத் தெரிவு செய்தால் ஒரு பிரிவுக்குப் போதுமானது. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரோ மாதர் சங்கத் தலைவியோ காட்டும் வீடுகளுக்கு மட்டும் போனால், அவர்களோடு பேச்சுவார்த்தையில் இருக்கும் குடும்பங்களின் கதையே உங்களுக்குக் கிடைக்கும்.

காலமும் முக்கியம். புரட்டாதி, ஐப்பசியில் விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் மழை. தை, மாசியில் காலபோக அறுவடை. இந்த மாதங்களில் வயல் செய்வோரிடம் ஒரு மணி நேரம் கேட்பது நியாயமல்ல. பங்குனிக்குப் பிறகு, காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ போகலாம். பிரதேச செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, கிராம அலுவலருக்கு நேரில் அறிவித்துவிட்டுத் தொடங்குங்கள். யார் நீங்கள், ஏன் விபரம் எடுக்கிறீர்கள் என்று வேறு தரப்பினர் வந்து விசாரிக்கும்போது உங்களைவிட வீட்டுக்காரருக்கே அந்தக் கடிதம் பாதுகாப்பு.

படலையைத் திறந்ததும் வரக்கூடிய முதற் கேள்விக்கு விடையை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். “தம்பி, இந்த முறையாவது எங்கட பேர் வருமோ?” என்று ஓர் அம்மா கேட்பார். பதிவு எடுக்க வந்தவர்களை அவர் பலமுறை கண்டவர். வீடு தருவது எங்கள் கையில் இல்லை, இது பதிவும் அல்ல, நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு எந்த நட்டமும் வராது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். “மேலிடத்தில் சொல்லிப் பார்ப்போம்” என்ற மழுப்பல் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் அதன்பின் அவர் சொல்லும் வருமானமும் கடனும் வீடு கிடைப்பதற்கு ஏற்றபடி மாறிவிடும்.

ஐந்தாம் படி: காணியின் நிலையைக் கேட்டல்

காணிக்குப் பத்திரம் இல்லாவிட்டால் பெரும்பாலான திட்டங்களில் வீடு இல்லை. வன்னியில் உறுதிக்காணி, அதாவது தனியார் உரிமைக் காணி வைத்திருப்போரைவிட, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம், அதாவது பேர்மிற் வைத்திருப்போரும், பின்னர் அதை அளிப்புப் பத்திரமாக்கிக்கொண்டோரும் அதிகம். பேர்மிற் காணியை விரும்பியபடி துண்டாடவோ விற்கவோ முடியாது. மேலே சொன்ன தகரக் கொட்டில் குடும்பங்கள் திட்டத்துக்கு வெளியே நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்: தகப்பனின் பேர்மிற் காணியில் மகளுக்குத் தனிப் பத்திரம் எடுப்பது எளிதல்ல.

பத்திரம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், யாருடைய பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடிருக்கிறாரா, தமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளராக யாரைக் குறித்திருக்கிறார் என்றும் கேளுங்கள். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதபோது ஆண் வழியினரையே முற்படுத்திய பழைய விதி 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. அதற்கு முன் மாறிய உரித்துகளில் சகோதரிகள் விடுபட்டிருக்கலாம். கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் சம்மதம் வேண்டும். அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாதபோது அந்தச் சம்மதத்தை எங்கே பெறுவது? மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, காணாமற்போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்தது. அதை எடுத்தார்களா, எடுத்ததால் காணி அலுவலகத்தில் ஏதும் நடந்ததா என்று கேட்கலாம். ஏன் எடுக்கவில்லை என்று துருவிக் கேட்கக் கூடாது.

வீடு ஓரிடத்திலும் காணி வேறிடத்திலும் உள்ளவர்களும் உண்டு. 2012இல் மெனிக் பாமிலிருந்து கேப்பாப்பிலவு மக்கள் தம் ஊருக்கு அன்றிச் சீனியாமோட்டையில் அமைத்த மாதிரிக் கிராமத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அரச கணக்கில் அது மீள்குடியேற்றம். வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் தம் வளவுக்குள்ளேயே நடப்பட்ட குடும்பங்களுக்கும், வீடு பற்றிய எந்தக் கேள்வியும் காணியில்தான் போய் நிற்கும். இவ்வாறானோரை “நிரந்தர வீடு உள்ளவர்” என்ற நிரலில் மட்டும் எழுதினால் ஆய்வு பொய்யாகிவிடும்.

ஆறாம் படி: வீட்டுக் கணக்கை எடுத்தல்

இந்த ஆய்வின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. வீடுகளை எண்ணி முடித்துவிட்டு ஆய்வும் முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். அந்த எண்ணிக்கை மாவட்டச் செயலகத்திலேயே இருக்கிறது, அதற்காக வெயிலில் அலைய வேண்டியதில்லை.

“மொத்தம் எவ்வளவு முடிந்தது?” என்று கேட்காதீர்கள். பத்து இலட்சம், பன்னிரண்டு இலட்சம் என்று முழு எண்ணாகவே விடை வரும். வீட்டுக்காரரோடு வீட்டைச் சுற்றி நடந்து, அத்திவாரத்திலிருந்து கேட்டுக்கொண்டு வாருங்கள். அத்திவாரக் கல் எங்கிருந்து வந்தது, மணல் எத்தனை லோட், வெட்டியது யார்? கதவு யன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் போட்டது எந்தக் காலம்? ஆண்டு நினைவில் இல்லாவிட்டால், வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னரா பின்னரா, மூத்தவள் சாதாரண தரம் எழுதிய வருடமா என்று கேட்டால் காலம் பிடிபடும். கூரைக்கு ஓடா சீற்றா, மரம் விலைக்கு வாங்கியதா, பூச்சு உள்ளே மட்டுமா வெளியேயுமா, நிலத்துக்குச் சீமெந்து இழுத்தார்களா, கதவு யன்னல், மலசலகூடம், மின் இணைப்பு என்று வரிசையாகப் போகலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருட்செலவு, கூலி, பணம் வந்த வழி ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்.

கண்ணையும் பயன்படுத்த வேண்டும். பூசாத சீமெந்துக் கல் சுவரில், லிண்டல் மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருவேறியிருந்தால், அந்த இடத்தில் வேலை நின்று பல மழைகள் போய்விட்டன என்று பொருள். யன்னல் இடைவெளியை உரப்பையைப் பிரித்துத் தைத்து மறைத்திருப்பார்கள். நிறுவனத்தின் எழுத்து அழிந்தும் அழியாமலும் உள்ள பழைய தறப்பாள் இன்னும் விறகை மூடிக்கொண்டிருக்கும். வரைபடத்தில் குசினி என்றிருந்த அறைக்குள் நெல்மூட்டை இருக்க, சமையல் வெளியே கிடுகுக் கொட்டிலில் நடக்கும். விறகடுப்புப் புகைக்கு ஏற்றபடி அந்த அறை கட்டப்படவில்லை. இதற்குக் கேள்விக்கொத்தில் இடமிருக்காது. பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மிகச் சிறந்த சான்று வங்கிப் புத்தகம். பல வீடுகளில் அது பேர்மிற்றோடும் பழைய சீமெந்துக் கடைச் சிட்டைகளோடும் ஒரே பொலித்தீன் பைக்குள் இருக்கும். விருப்பத்தோடு காட்டினால் மட்டும் பார்த்து, கட்டக் கொடுப்பனவு வந்த திகதிகளைக் குறியுங்கள்; கணக்கிலக்கத்தை எழுதவோ படம் எடுக்கவோ வேண்டாம். இரண்டு கொடுப்பனவுகளுக்கு இடையிலான மாதங்களே கடன் பிறந்த மாதங்கள். குறித்த மட்டம்வரை கட்டி, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து ஒப்பமிட்ட பிறகே அடுத்த பணம் வரும் என்றால், அந்த மட்டத்துக்குக் கட்டும் பணத்தைக் குடும்பம் முன்கூட்டியே எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். திட்டத்தின் தொகை போதவில்லை என்று மட்டும் பேசும் ஆய்வுகள் இதைக் காண்பதில்லை. தொகை அப்படியே இருந்தாலும் கொடுப்பனவின் ஒழுங்கை மாற்றினாலே கடன் குறையும். இது செலவில்லாத கொள்கை மாற்றம்.

கடனைப் பற்றிக் கேட்கும்போது “கடன் இருக்கிறதா?” என்றால் இல்லை என்றே சொல்வார்கள். சீட்டுப் பிடித்தீர்களா, நகை வைத்தீர்களா, மீட்டாயிற்றா, கடையில் நிலுவை நின்றதா, கிழமைக் கடன் எடுத்தீர்களா, சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்தீர்களா, வெளிநாட்டு உறவினர் உதவினார்களா என்று வழி வழியாகக் கேட்க வேண்டும். நுண்கடன் பத்திரத்தில் நோக்கம் சுயதொழில் என்று எழுதப்பட்டிருக்கும். பணம் கூரைக்குப் போயிருக்கும். இந்தக் கேள்விகளை ஒருபோதும் கூட்டமாக வைத்துக் கேட்காதீர்கள். கிழமைக் கடன் எடுக்கும் குழுவில் அயல்வீட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பவர்கள் என்பதால், ஒருத்தி தவணை தவறியதை மற்றவள் முன் சொல்லமாட்டாள். சொன்னால் நீங்கள் போன பிறகு சண்டை வரும்.

குடும்பத்தின் சொந்த உழைப்பையும் எழுதுங்கள். அத்திவாரம் வெட்டியது, கல் அரிந்தது, தண்ணீர் சுமந்து சுவர் நனைத்தது, மணல் அரித்தது எல்லாம் வேலை. அவற்றில் பெரும்பகுதி பெண்களுடையது. ஊர்க் கூலிக்கு அதை மதிப்பிட்டு, பணச் செலவோடு கலக்காமல் தனி நிரலில் காட்டினால் போதும்.

ஏழாம் படி: கட்டுப்படியாகிறதா என்று பார்த்தல்

வீட்டுச் செலவு வருமானத்தில் 30 வீதத்துக்கு மேற்பட்டால் சுமை என்பது உலகெங்கும் புழங்கும் அளவுகோல். எளிதானது, வன்னியில் வழி தவறச் செய்வது. அதற்குப் பதிலாக, உயிர்வாழ்வுக்கு வேண்டிய செலவு போக மீதி எவ்வளவு, அதிலிருந்து வீட்டுக் கடனை அடைக்க முடிகிறதா என்று பார்க்கும் மிச்ச வருமான முறையைப் பயன்படுத்துங்கள். குறைந்தபட்சச் செலவுக்கு உத்தியோகபூர்வ வறுமைக்கோட்டை எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட ரீதியாக அதைத் திணைக்களம் வெளியிடுகிறது.

கற்பனையாக இரு குடும்பங்களை எடுப்போம். 2019இல் நாட்டுக்கான வறுமைக்கோடு ஆளொன்றுக்கு மாதம் 6,966 ரூபா. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 27,864 ரூபா. அக்குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 32,000 ரூபா, கூரைக்காக எடுத்த கிழமைக் கடனின் தவணை 1,500 ரூபா, அதாவது மாதத்துக்கு 6,500 ரூபா என்று வைத்துக்கொண்டால், கடன் வருமானத்தில் 20 வீதமளவே. 30 வீத அளவுகோலின்படி கவலையில்லை. ஆனால் குறைந்தபட்சச் செலவு போக மிஞ்சுவது 4,136 ரூபா. மாதந்தோறும் 2,364 ரூபா துண்டு விழுகிறது. அந்தத் துண்டு மீன் வாங்காமல் விட்டோ, அடுத்த கடன் எடுத்தோதான் நிரப்பப்படும். மறுபுறம், சேர்ந்து 70,000 ரூபா வருமானம் உள்ள, இருவர் மட்டுமே கொண்ட அரச உத்தியோகத்தர் குடும்பத்தினர் வங்கிக் கடனுக்கு 28,000 ரூபா கட்டினால் அது 40 வீதம்; அளவுகோல் அவர்களைச் சுமையுள்ளவர்கள் என்கிறது. இருவருக்கான வறுமைக்கோட்டுச் செலவு போக, கடனும் கட்டி, அவர்களிடம் 28,068 ரூபா மிஞ்சும். எந்தக் குடும்பத்துக்கு வீடு கட்டுப்படியாகவில்லை என்பதை இரண்டாவது முறையே சரியாகச் சொல்கிறது.

வருமானத்தை மாதக் கணக்கில் கேட்க வேண்டாம். வயல் செய்வோரிடம் காலபோகம், சிறுபோகம் என்றும், கரையோரத்தில் கடல் போகும் மாதங்கள், போகாத மாதங்கள் என்றும், கூலி வேலை செய்வோரிடம் வேலை கிடைக்கும் கிழமை, கிடைக்காத கிழமை என்றும் கேட்டு ஆண்டுக்கு மாற்றிய பின் பன்னிரண்டால் பிரியுங்கள். பிறகு, கையில் காசே இல்லாத மாதங்கள் எவை என்று தனியே கேளுங்கள். கடன் தவணைக்குப் போகம் தெரியாது.

வெவ்வேறு ஆண்டுகளின் ரூபாக்களைக் கூட்டவும் கூடாது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை வெளியிடும் விலைச் சுட்டிகளைக் கொண்டு ஓர் ஆண்டின் பெறுமதிக்கு மாற்றலாம். அது கடினமாக இருந்தால் சீமெந்துப் பைகளாக மாற்றிக் காட்டினாலே எவருக்கும் விளங்கும். 2021 நடுப்பகுதியில் ஏறத்தாழ 1,000 ரூபாவாக இருந்த 50 கிலோ பை 2022இல் 3,000 ரூபாவைத் தாண்டியது; ஆறு இலட்சம் ரூபா நன்கொடை என்றால், 600 பைகள் 200 பைகளாகச் சுருங்கிவிட்டன.

எட்டாம் படி: சமத்துவத்தைப் பார்த்தல்

விண்ணப்பிக்கும் வாசல், தெரிவாகும் வாசல், கட்டி முடிக்கும் வாசல் என்ற மூன்றிலும் யார் உதிர்ந்தார்கள் என்று தனித்தனியே பாருங்கள். புள்ளி முறையில் குடும்ப அங்கத்தவர் தொகைக்கு இடம் இருந்தால், தனித்திருக்கும் முதியவரும் பிள்ளையில்லாத தம்பதியரும் இரண்டாவது வாசலில் நின்றுவிடுவர். மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கும் அதே முறையில் முன்னுரிமை கிடைத்திருக்கலாம். ஆனால் மேசனோடு நின்று வேலை வாங்கவும் மணல் ஏற்றி இறக்கவும் ஆளில்லாமல் அவர்கள் மூன்றாவது வாசலில் அதிகச் செலவுபட்டிருப்பார்கள். வீடு கிடைத்த விகிதத்தை மட்டும் பார்த்தால் இவர்கள் நன்மை பெற்றவர்களாகவே தெரிவார்கள்.

1958, 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பல ஊர்களில் வாழ்கிறார்கள். காடு வெட்டிக் குடியேறிய காணிக்கோ, பிறர் பெயரில் உள்ள காணிக்கோ பத்திரம் இல்லாத காரணத்தால் முதலாவது வாசலிலேயே நின்றவர்கள் இவர்களுள் பலர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இரண்டு தசாப்தங்களுக்குப் பின் மன்னாரின் முசலிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பியபோது, ஒரு குடும்பம் மூன்று நான்காகப் பெருகியிருந்தது. காணி அதே ஒன்று, சில இடங்களில் அதன்மேல் காடு வளர்ந்திருந்தது. சாதியைப் பற்றி நேரடிக் கேள்வி கேட்பது களத்தைக் கெடுக்கும். எந்தக் குறிச்சிக்கு வீதியும் குழாய்நீரும் கடைசியாக வந்தன என்று கேட்டுக் குறியுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதிக் கொடுத்தல்

முதலில் கிராமத்துக்குத் திரும்பிப் போங்கள். பொதுநோக்கு மண்டபத்திலோ முன்பள்ளியிலோ கூட்டி, பெயர்கள் இல்லாமல் கூட்டுத்தொகைகளை மட்டும் வாசித்துக் காட்டினால், “அந்த வருஷம் மணலுக்குப் பேர்மிற் தராமல் நிப்பாட்டினவங்கள், அதை எழுதேல்லையோ?” என்பதுபோன்ற திருத்தங்கள் கிடைக்கும். திருத்திய பின் இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதி, கொழும்புக்கும் போக வேண்டியிருப்பதால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதைப் பெயர்க்கச் செய்யுங்கள். இடம்பெயர்ந்தோருக்கான நிலைபேறான தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கைக்கு 2016 ஓகஸ்டில் அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. உங்கள் கோரிக்கையை அந்தக் கொள்கையோடு இணைத்து எழுதினால், புதிதாக ஒன்றைக் கேட்பதாக அல்லாமல், ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைக் கேட்பதாக அமையும்.

கோரிக்கைகள் இரண்டு மூன்றுக்கு மேற்பட வேண்டாம். ஒவ்வொன்றையும் யார் செய்ய முடியும் என்பதையும் குறியுங்கள். கொடுப்பனவு ஒழுங்கை மாற்றுவது திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உப குடும்பங்களைத் தனியே பதிவது பிரதேச செயலகத்தால் தொடங்கக்கூடியது. தொகையைக் கூட்டுவது அமைச்சுக்கும் திறைசேரிக்கும் உரியது. வரவுசெலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வருவதால், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே குறிப்பு போய்ச் சேர வேண்டும். பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களின் திகதியை அறிந்து, அதற்கு முன் உறுப்பினர்களின் கையில் கொடுத்தால் குறைந்தது ஒருவராவது எழுந்து கேட்பார்.

பெயரும் தொலைபேசி இலக்கமும் கடன் விபரமும் சேர்ந்திருக்கும் கேள்விக்கொத்துகளை அமைப்பின் அலமாரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இலக்கமிட்ட தாள்களில் தரவை மாற்றிய பின், பெயர்ப் பட்டியலை வேறாக்கிப் பூட்டி வைத்து, அறிக்கை வெளிவந்ததும் எரித்துவிடுங்கள்.